கறுப்பைப் பார்த்து ஏமாறாதே

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் நகருக்குப் பக்கத்து மக்காச்சோளக்காட்டில் வெட்டிய குழியின் படம் வந்தது. மேலே கறுப்பு, கீழே தேன் நிறம். "நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரியே இருக்கேப்பா, ரெண்டும் ஒரே இனம்தானா?" என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா. நிறம் ஒன்று, பிறப்பு வேறு.

கரிசலில் கரிமப்பொருள் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சமும், நனைந்தால் உப்புகிற ஸ்மெக்டைட் களியோடு இறுகப் பிணைந்து கறுப்பாகத் தெரிகிறது. உன் குழியில் இருப்பது வேரின் கறுப்பு. ஆளுயரம் வளர்ந்த புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற புற்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேர் விட்டு, மடிந்து, மண்ணுக்குள்ளேயே மக்கியதால் வந்தது. நீண்ட குளிர்காலம் மக்குவதை மெதுவாக்கியது. அதனால்தான் உழுத பிறகும் அங்கே மேல்மண்ணில் 3, 4 சதவீதம் கரிமப்பொருள் நிற்கிறது.

அமெரிக்க மண் வகைப்பாட்டில் கேள்விகளை மேலிருந்து கீழே வரிசையாகத்தான் கேட்க வேண்டும். வெர்டிசால் (வெடிக்கும் களிமண்) என்ற கேள்வி மாலிசாலுக்கு (புல்வெளிக் கறுப்பு மண்) முன்பே வந்துவிடும். களி 30 சதவீதத்துக்குக் குறையாமல், கோடையில் ஆழமாக வெடித்து, உள்ளே வழுக்குப் பளபளப்புத் தடங்கள் இருந்தால் அது வெர்டிசால். கரிசல் அங்கேயே இறங்கிவிடும். உன் குழி அந்தப் படியைத் தாண்டி மாலிசாலில் வந்து நிற்கும். வரிசையை விட்டுவிட்டு நிறத்திலிருந்து தொடங்குகிறவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள்.

அடுத்து கையால் பார். எலுமிச்சங்காய் அளவு மண் எடுத்து, கூழாங்கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசை. ஒரு நிமிடமாவது பிசைய வேண்டும். உடையாத சின்னக் கட்டிகள் மணல் போல நறநறத்து ஏமாற்றும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளு. இரண்டரை செ.மீ. ஆவதற்குள் ஒடிந்தால் லோம், அதாவது நம் இருமண்பாடு. ஐந்து வரை நீண்டால் களி லோம். அதையும் தாண்டினால் களி. மேலடுக்கில் கவனமாக இரு. மக்கு நிறைந்த மண் மிருதுவாக இருப்பதால் வண்டலை (மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகளை) அதிகமாகவும் களியைக் குறைவாகவும் மதிப்பிட வைக்கும். ஆய்வுக்கூடத்தில் துகள் அளவை அறிய ஹைட்ரோமீட்டர் போடும்போதும் முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடால் மக்கை எரித்துவிடு. இல்லையென்றால் மக்கு ஒட்டிய களித்துகள் பிரியாமல் வண்டலோடு சேர்ந்துவிடும்.

லோம் என்றால் சதவீதத்தில் களி 7 முதல் 27, வண்டல் 28 முதல் 50, மணல் 52க்கு மிகாமல். இதை, வகைப்பாட்டில் மண்ணுக்குத் தரும் குடும்பப் பெயரில் வரும் 'ஃபைன்-லோமி'யோடு குழப்பாதே. அது 25 முதல் 100 செ.மீ. வரையிலான மண்ணின் சராசரி: களி 18 முதல் 35 சதவீதம், பொடிமணலும் அதற்குப் பெரியதும் சேர்ந்து 15 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்த 15 குறைந்தால் 'ஃபைன்-சில்ட்டி'. கிழக்கு அயோவாவின் டாமா மண் அப்படிப்பட்டது. அது காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டல். தோண்டினால் கல் கிடைக்காது. உன் பக்கம், டெ மாய்ன் மடல் எனப்படும் பகுதி முழுக்கப் பனிப்பாறை இழுத்துவந்து விட்ட கலவை. அதில் மணலும் உண்டு, களியும் உண்டு, கூழாங்கல்லும் உண்டு. அந்தக் கூழாங்கல்லே பாதி விடை.

நிறத்துக்கு இப்போது வா. மண்நிற அட்டைகள் உள்ள மன்செல் புத்தகத்தை நடுப்பகல் வெயிலில் வைத்துப் பார். மாலை வெயில் எல்லாவற்றையும் சிவப்பாக்கும். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடு. மண்ணை நனைத்து, மினுமினுப்பு அடங்கியதும், நசுக்கித் தேய்த்த பிறகு படி. மாலிசாலுக்கு வேண்டிய மாலிக் மேலடுக்கு என்று சொல்ல, ஈர மண்ணில் வேல்யூவும் (நிறத்தின் வெளிர்வு) குரோமாவும் (நிறத்தின் அழுத்தம்) 3க்கு மேல் போகக் கூடாது. காய்ந்த மண்ணில் வேல்யூ 5ஐத் தாண்டக் கூடாது. காய்ந்த துண்டைப் பார்க்க மறப்பவர்களே அதிகம். உன் மேல்மண் 10 ஒய்.ஆர். 2/1 அல்லது 2/2ஆக, அதாவது மஞ்சள்-சிவப்புச் சாயலில் வேல்யூ 2, குரோமா 1 அல்லது 2ஆக இருக்கும். இந்தக் கறுப்பு பெரும்பாலும் 25 செ.மீ. ஆழமாவது இறங்கியிருக்க வேண்டும். கரிமம் 0.6 சதவீதத்துக்கும் காரப்பூரிதம் (மண் பிடித்துவைத்த அயனிகளில் கால்சியம் போன்றவற்றின் பங்கு) 50 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. கடைசி இரண்டும் ஆய்வுக்கூட வேலை.

பிறகு அமிலம். அடர் ஹைட்ரோகுளோரிக் ஒரு பங்கை 11 பங்கு தண்ணீரில் ஊற்று. தண்ணீரை அமிலத்தில் ஊற்றிவிடாதே. மேலிருந்து அரையடிக்கு ஒரு சொட்டு விட்டுக்கொண்டே இறங்கு. மேலே பொங்காது, பெரும்பாலும் இரண்டடிக்குக் கீழே போனதும் பொங்கத் தொடங்கும். பனிப்பாறை விட்டுப்போன சுண்ணாம்பை மழை அவ்வளவு ஆழம் வரை கரைத்து இறக்கிவிட்டது. மேற்கே டகோட்டாக்களில் மழை குறைவு. சுண்ணாம்பு மேலேயே தங்கும், மண்ணும் 'உஸ்டால்', அதாவது வறள் பக்கத்து மாலிசால் ஆகிவிடும். சுண்ணாம்புக்கல் துண்டின் மேல் சொட்டு விட்டால் எங்கேயும் பொங்கும், கல்லை ஒதுக்கிவிட்டு மண்ணில் விடு. உழவர் தூவிய சுண்ணாம்புத்தூளால் மேலடுக்கும் பொங்கலாம்.

நடு அடுக்கில் மண்கட்டிகளின் முகத்தை லென்ஸால் பார். மெழுகு பூசியது போலக் களிப்படலம் இருந்து, மேலடுக்கைவிடக் களி ஐந்தில் ஒரு பங்காவது கூடியிருந்தால் அது 'ஆர்ஜியுடால்', களி இறங்கிச் சேர்ந்த மாலிசால். டாமா அந்த வகை. உன் குழியில் நிறமும் கட்டமைப்பும்தான் மாறியிருக்கும்; களி அவ்வளவு இறங்கியிருக்காது.

இதெல்லாம் சேர்ந்தால் கிடைக்கிற பெயர் கிளேரியன். அயோவாவில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. முழுப்பெயர்: ஃபைன்-லோமி, மிக்ஸ்ட், சூப்பராக்டிவ், மெசிக் டிபிக் ஹாப்லுடால்ஸ். தொகைச்சொல்லைப் பிரிப்பது போல கடைசிச் சொல்லை வாலிலிருந்து பிரி. 'ஆல்' என்றால் மாலிசால், 'உட்' ஈரக் காலநிலை, 'ஹாப்ல்' எளிய அடுக்கமைப்பு. டிபிக் என்றால் அந்த வகையின் இயல்பான மண், மிக்ஸ்ட் என்றால் கலப்புக் கனிமம். மெசிக் என்பது மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 முதல் 15 டிகிரி செல்சியஸ். சூப்பராக்டிவ் என்றால் களியின் அளவுக்கு அயனி மாற்றுத் திறன் மிக அதிகம். முன்பெல்லாம் இதைப் 'பிரெய்ரி மண்' (புல்வெளி மண்) என்றும் 'புருனிசம்' என்றும் சொன்னார்கள். 1975இல் வந்த வகைப்பாட்டு நூல் புல்லைக் கேட்பதை விட்டு, மண்ணில் அளக்க முடிந்ததை மட்டும் கேட்டது. காதுக்குப் பழைய பெயர்தான் இனிமை. ஆனால் அயோவாவில் அந்தப் புல்வெளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இல்லாத புல்லை வைத்து எப்படிப் பெயர் சொல்வது?

ஒரே குழியோடு திரும்பிவிடாதே. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நட. மேட்டுச் சரிவில் கிளேரியன். கொஞ்சம் தாழ்ந்தால் நிக்கோலெட்: 75 செ.மீ.க்குள் சாம்பல் புள்ளிகள் தெரியும், நீர் ஊறி நிற்பதைச் சொல்லும் 'அக்விக்' என்ற அடைமொழி சேரும். சமதளத்தில் வெப்ஸ்டர்: கறுப்புக்கு அடியிலேயே சாம்பல். நீர் தேங்கும் குட்டையில் ஒகபோஜி. சரிவின் அடிவாரத்தில் 60 செ.மீ.க்கு மேல் கறுப்பு தடித்திருந்தால் அது மேலிருந்து உருண்டுவந்த மண், டெரில். வெப்ஸ்டர் வயலில் வடிகால் குழாய் பதித்துப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும், இப்போது தண்ணீர் நிற்காது. அதற்காக வகையை மாற்றாதே. வடிகால் போட்ட நிலத்துக்கும் பழைய ஈரத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது விதி. சாம்பல் நிறமும் லேசில் போகாது.

சிக்கல் மேட்டு உச்சியில்தான். உழவும் மழையும் கறுப்பைச் சுரண்டி, பல இடங்களில் 25 செ.மீ. மிஞ்சவில்லை. மேல்மட்டத்திலேயே சுண்ணாம்பு பொங்கினால் அது ஸ்டோர்டன்; மாலிசால் அல்ல, இன்செப்டிசால், அதாவது அடுக்குகள் இப்போதுதான் உருவாகத் தொடங்கிய மண். வரைபடத்தில் கிளேரியன் என்று போட்டிருந்தாலும் குழி சொல்வதை எழுது. அளந்த ஆழத்தைப் பக்கத்தில் குறித்துவிடு.

தோண்டும் முன் 811ஐ அழைத்து, நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே என்று கேள். அமிலப் புட்டியை மன்செல் புத்தகத்தோடு ஒரே பையில் போடாதே. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா