பொருள்: இரண்டு பின்கள் இடம் மாறியதற்கு இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2019-ல் வாங்கிய என் பெட்ரோல் காரை இதுவரை ஈரோட்டில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில்தான் விட்டு வருகிறேன். வெளியில் ஓர் ஆயில் மாற்றம்கூடச் செய்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் கடந்த மாதம் எலி வயரைக் கடித்தபோதும் அங்கேயே கொண்டுவந்தேன்.

இன்ஜின் கம்ப்யூட்டரில் மாட்டும் பெரிய கனெக்டரை ஒட்டியே இரண்டு வயர்கள் அறுந்திருந்தன. கனெக்டரிலிருந்து பின்களை (வயர் நுனியில் இருக்கும் உலோக முனைகளை) கழற்றி, வயரை ஒட்டுப்போட்டு, திரும்பச் செருகினார்கள். பில் 6,200 ரூபாய், மறுபேச்சில்லாமல் கட்டினேன். மறுநாள் உங்கள் சர்வீஸ் அட்வைசர் அழைத்து, வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை, எலி கடித்ததில் ஷார்ட் ஆகி கம்ப்யூட்டர் போய்விட்டது, புதிது போட 48,600 ரூபாய் ஆகும் என்றார். போட்டபிறகு எலக்ட்ரிகல் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்.

நேரில் போய்க் கேட்டேன். ஸ்கேனரில் பி2138 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்திருந்தது. ஆக்சிலரேட்டர் பெடலில் இருக்கும் இரண்டு சென்சார்களின் வோல்டேஜ் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் அதன் பொருள். கம்ப்யூட்டர் பழுது என்று அது எங்கும் சொல்லவில்லை. எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "சார், எல்லாம் செக் பண்ணியாச்சு" என்பதே பதில். அளந்த கணக்கைக் காட்டச் சொன்னேன். காட்ட ஒன்றும் இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு, ஹசார்டு விளக்கைப் போட்டு, ஓரமாக ஊர்ந்தபடி ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரில் பெடலின் நேரடி அளவுகளைப் பார்த்தார். என் வண்டியில் பெடலை மிதிக்காமல் இருக்கும்போது முதல் சென்சார் சுமார் 0.75 வோல்ட் காட்ட வேண்டும், இரண்டாவது அதில் பாதி. திரையில் அப்படியே தலைகீழாக இருந்தது: முதலாவது 0.37, இரண்டாவது 0.75. கம்ப்யூட்டர் இரண்டையும் சரியாகப் படித்துக்கொண்டுதான் இருந்தது. இதே அளவுகள் உங்கள் அட்வைசர் கையிலிருந்த ஸ்கேனரிலும் இருந்திருக்கும்.

அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெடல் கனெக்டரிலிருந்து கம்ப்யூட்டர் கனெக்டர் வரை ஒவ்வொரு வயரும் எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ச்சி பார்த்தார். பெடல் சென்சார்களின் சிக்னல் வயர்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. எந்தப் பின் எந்த ஓட்டையில் என்று காட்டும் வரைபடம், கனெக்டரை முன்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டது. வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு காலி ஓட்டைகளில் உங்கள் ஆள் பின்பக்கமாகப் பார்த்துச் செருகியிருக்கிறார். ஓட்டைக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் எண் அச்சாகியிருக்கிறது. அதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். எலக்ட்ரீஷியன் கனெக்டரின் பூட்டைத் தூக்கி, மெல்லிய கருவியால் பின்களை விடுவித்து, மாற்றிச் செருகினார். ஸ்கேனரில் அந்தப் பழுதுக் குறியீட்டை அழித்தபின் அது திரும்ப வரவே இல்லை. அவர் வாங்கியது 800 ரூபாய்.

உங்கள் பேச்சைக் கேட்டுப் புதுக் கம்ப்யூட்டர் போட்டிருந்தால்? அதே கனெக்டர்தானே அதிலும் மாட்டியிருக்கும். அதே கோடுதான் வந்திருக்கும். 48,600 ரூபாயும் போய், வண்டியும் ஓடியிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுந்த வயர்களை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் அந்தப் பசை எத்தனை நாள் தாங்கும்? ஒரு பின்னின் வாயும் அகன்றிருந்தது. தடித்த ப்ரோபை (அளக்கும் கருவியின் முனையை) முன்பக்கமாகத் திணித்தால்தான் அப்படி ஆகும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். இது பாட்டுப் பெட்டியின் வயர் இல்லை. பெடலில் ஒன்றுக்கு இரண்டு சென்சார் வைத்திருப்பதே, ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கத்தான். அங்கே தொடர்பு விட்டுவிட்டு வந்தால், லாரிகளுக்கு நடுவே ஓவர்டேக் செய்யும்போது வண்டி வேகமிழக்கும். என் மனைவி தினமும் பெருந்துறைக்கு ஓட்டிப் போகும் வண்டி இது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 6,200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அந்த இரண்டு ஒட்டுகளையும் முறையாகக் கிரிம்ப் செய்து (உலோக இணைப்பில் அழுத்திப் பிணைத்து), சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அகன்ற பின்னைப் புதிதாக மாற்றித் தர வேண்டும். இதற்குக் கட்டணம் கூடாது. கம்ப்யூட்டர் பழுது என்று எந்த அளவீட்டை வைத்துச் சொன்னார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். வயரிங் வேலைக்குப் பின் கம்ப்யூட்டர் மாற்றப்பட்ட மற்ற வண்டிகளின் ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பாருங்கள். அவர்களில் யாராவது தேவையில்லாமல் பணம் கட்டியிருந்தால் அதுவும் திரும்பிப் போக வேண்டும்.

பில், எஸ்டிமேட், இடம் மாறிய பின்களின் படங்கள், இரண்டு ஸ்கேன் அறிக்கைகள் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு