ரத்தக்கட்டுன்னு போட்டா எந்த ரத்தக்கட்டுங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் மருத்துவப் பக்கத்துல, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அது நுரையீரலுக்குப் போயி அடைச்சுக்கறதப் பத்தி எழுதியிருந்தீங்களே, நல்ல கட்டுரைதானுங்க, ஆனா அதுல நெடுக "ரத்தக்கட்டு" "ரத்தக்கட்டு"ன்னே போட்டிருந்தீங்க. அதனால எங்கூட்டுல நடந்த கூத்தச் சொல்லோணும்.

என்ற அமுச்சிக்கு, அதாவது அம்மாவப் பெத்தவங்களுக்கு, வயசு 78. இருதய ரத்தக்குழாய் அடைச்சுக்காம இருக்க ஸ்டென்ட்ங்கற சின்னக் குழாய் வெச்சதுல இருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவங்க கட்டுத்தறித் தூணுல கைய இடிச்சுக்கிட்டாங்க, மறுநாள் பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு நீலமா கன்னிப்போயிருக்குது. பக்கத்துக்கூட்டு அக்கா எட்டிப்பாத்து "ஆத்தா, ரத்தக்கட்டு ஆயிருச்சுங்களே"ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. அமுச்சி உங்க பேப்பர எழுத்துக்கூட்டிப் படிச்சவங்களாச்சே, "ஏங்கண்ணு, இது நெஞ்சுக்கு ஏறி அடைச்சுக்குமா, பேசாம அந்த மாத்திரைல இன்னொன்னு சேத்திப் போட்டுக்கட்டுமா"ன்னு கேட்டுட்டு ராத்திரி பூரா தூங்கல.

டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனா அவரு சிரிக்கறாரு. இது ரத்தம் கட்டுனதால வந்தது இல்லீங்கம்மா, சீக்கிரம் கட்டாததால வந்தது, அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு லேசா இடிச்சாலே இப்படித்தான் பரவும், நீங்களா சேத்திப் போடறதும் கூடாது நிறுத்தறதும் கூடாது, எண்ணெய் போட்டுத் தேச்சுத் தேச்சு விடவும் வேண்டாம்னு சொன்னாரு. பாருங்க, ஒரு வார்த்தை, ரெண்டு நேர் எதிரான சமாச்சாரம்!

நம்மூர்ல இதுக்கு ஏற்கனவே நல்ல வார்த்தை இருக்குதுங்க. கன்னிப்போறது, எழுத்துல கன்றிப்போதல். தோல் கிழியாது, அடில சின்னச் சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சு ரத்தம் உள்ளயே நின்னுக்கும், முதல்ல செவப்பு, அப்புறம் நீலம், நாளாக ஆகப் பச்சை, மஞ்சள்னு நிறம் மாறி மறையும். சித்திரை வெயில்ல நின்னாலும் முகம் கன்னிப்போகுது, ஒறம்பரைங்க முன்னாடி யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டாலும் முகம் கன்னிப்போகுது. குறள்ல "களவின்கண் கன்றிய காதல்"னு வருது, அங்க திருட்டுல ஊறி முத்திப்போன ஆசைன்னு அர்த்தம், அது வேற தினுசு.

வெளிய ஒண்ணுமே தெரியாம உள்ளுக்குள்ள வலிச்சா ஊமக்காயம். தக்காளிக்கு இந்த வார்த்தைக எதுவும் ஆகாது, உடுமலை சந்தைல பெட்டியக் கொட்டிப் பாத்து "அடிபட்ட பழம்"னு ஒதுக்குவாங்க, அவ்வளவுதான். இங்கிலீசுல புரூஸ்னு ஒண்ணே ஒண்ண வெச்சுத் தோலு, பழம், மனசு எல்லாத்தயும் ஓட்டறாங்க, அதுக்கு ஆதி அர்த்தமே நசுக்கறதுதானாம். அதை மொழிபெயர்க்கறப்பத்தான் உங்க ஆளுங்க எங்க பாத்தாலும் ரத்தக்கட்டுன்னு போட்டு வெச்சர்றாங்கன்னு நினைக்கறேன். நாங்க பேச்சுல அப்படிச் சொல்றதில்லையான்னா சொல்றோமுங்க, ஆனா வாயில சொல்றப்ப கைய நீட்டிக் காட்டிச் சொல்றோம், பேப்பருக்குக் கை இல்லீங்களே. அதனால தோலுக்கடில நிக்கறத கன்றிப்போதல்னும், குழாயை அடைக்கறத ரத்த உறைவுன்னும் பிரிச்சுப் போட்டீங்கன்னா வயசானவங்க பயப்பட மாட்டாங்க.

அமுச்சி கை இப்ப மஞ்சள் நிறத்துக்கு வந்திருச்சுங்க. உடைஞ்ச ரத்தத்துல இருந்து வர்ற நிறம் அதுன்னு நான் சொன்னா கேக்கறதில்ல, தான் அரைச்சுப் போட்ட ஈரோட்டு மஞ்சள் உள்ள எறங்கி வேலை செய்யுதுன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் கையக் காட்டிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.