மேல் ரூம்ல யாரும் இல்ல

பாப்பாவுக்கு அம்மா எழுதுதது.

சாப்பிட்டியா மக்ளே. போன்ல பேசலாம்னா நீ "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுதேன்"னு வச்சிருவ, அந்த அப்புறம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது, அதான் அண்ணன் மகன்ட்ட கேட்டு தமிழ்ல டைப் அடிக்கப் படிச்சு மூணு நாளா ராத்திரி ராத்திரி உக்காந்து அடிக்கேன். எழுத்து தப்பா இருந்தா நீயே சரியா வாசிச்சுக்கோ.

அன்னைக்கு மணி பதினொண்ணு இருக்கும், போன் பண்ணி "மேல் ரூம்ல இப்ப யாரும் இருக்காங்களாம்மா, அங்கன நெட்டு எடுக்குமா, நான் வந்து நாலஞ்சு மாசம் அங்க இருந்து வேலை பாத்தா எப்படி இருக்கும்"னு கேட்ட. நான் தூக்கக் கலக்கத்துல "இங்க என்னட்டி இருக்கு, உப்புக் காத்தும் மண்ணும்தான் இருக்கு"ன்னுட்டேன். நீ "சும்மா கேட்டேன்மா"ன்னு வச்சுட்ட. இன்னையோட 12 நாளாச்சு. குட் மார்னிங் மெசேஜ் கூட இல்ல.

2023 டிசம்பர்ல 17, 18 ரெண்டு நாளும் வானத்தப் பிச்சுக்கிட்டு ஊத்துச்சுல்லா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது, செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல சனங்களோட அப்படியே நின்னு போச்சு, நம்ம உவரிப் பக்கம் கரண்டும் இல்ல டவரும் இல்ல, மூணு நாள் என் குரல் கேக்காம நீ அழுது அண்ணன வையி வையின்னு வஞ்ச. இப்ப இங்க மழையும் இல்ல வெள்ளமும் இல்ல, டவர் நாலு கோடும் நிக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.

இங்க என்ன இருக்குன்னு நான்தான் கேட்டேன், நானே சொல்லுதேன், கேளு.

நெட்டு இருக்கு. நம்ம தெருவுக்கே பைபர் லைன் வந்தாச்சு, கடைக்கார அண்ணாச்சி மகன் பெங்களூர் கம்பெனி வேலைய மாடியில உக்காந்து பாக்கான், ராத்திரி அவன் இங்கிலீஷ்ல பேசுதது நம்ம அடுப்படி வரைக்கும் கேக்கு. ஆனி ஆடியில கச்சான் காத்து அடிச்சா மட்டும் கரண்டு போகும், அதுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி மாத்திட்டேன். தண்ணிதான் பழைய மாதிரி, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது, குளிச்சா தலைமுடி பிசுபிசுன்னு நிக்கும், குழாய்த் தண்ணி வர அன்னைக்குப் பிடிச்சு வைக்கணும். தலைக்கு நல்ல தண்ணி ஊத்தணும் கேட்டியா, உனக்கு ஏற்கனவே முடி கொட்டுது.

மேல் ரூம் ஜன்னல் கீலெல்லாம் மாத்தியாச்சு. பழையத கையில எடுத்தேன், முறுக்கு மாதிரி நொறுங்குது, இரும்புன்னு சொன்னா நம்ப மாட்ட. இப்ப சில்வர் கீல் போட்டிருக்கு. பேன் இறக்கையச் சுரண்டி பெயின்ட் அடிக்கச் சொன்னேன். லேப்டாப்ப ஜன்னல் பக்கம் வைக்காத, உப்பு உள்ள இறங்கிரும், ராத்திரி துணி போட்டு மூடி வை.

எப்ப வந்தாலும் வா, ஆனா தை மாசியில வந்தா நல்லது. காத்து இருக்காது, கடல் குளம் மாதிரி கிடக்கும், விடியக்காலம் அந்தோணியார் கோயில் மணிச் சத்தம் இங்க வரைக்கும் வரும். பங்குனி பிறந்தா பயினி, அதான் பதநீர். நீ சென்னையில பாட்டில்ல வாங்கி குடிச்சுட்டு புளிக்குதுன்னு சொன்னியே, அது பயினியே இல்ல மக்ளே. மேலக்காட்டுல இன்னும் ரெண்டு பேரு பனை ஏறுதாவ, வெள்ளனே ஆறு மணிக்குப் போனா கலயத்துல இருந்து அப்படியே வடிச்சு பட்டையில ஊத்தித் தருவாவ, கலயத்துக்குள்ள தடவுன சுண்ணாம்பு வாசம் லேசா இருக்கும், பட்டையோட பச்ச ஓலை மூக்குல இடிக்கும். அந்த வாசம் வந்தா எனக்கு அப்பா சட்டைதான் ஞாபகம் வரும். விடிலியில காய்ச்சி சிரட்டையில ஊத்தி வச்ச கருப்பட்டி ஆறுறதுக்குள்ள நீ நடுவுல விரல விட்டு நக்குவ.

ஆனி ஆடியில வந்தா வீட்டுக்குள்ளயே இரு. கச்சான் தேரி மண்ண அள்ளிக் கொண்டாந்து கொட்டும், சோத்துல செவப்பா மண்ணு கடிபடும். தலைக்குத் துணி கட்டாம வெளிய போகாத.

கடல்ல மட்டும் இறங்காத. உனக்கு நீச்சல் தெரியும், தெரியாதுன்னு சொல்லல. 2024 மே மாசம் குமரிப் பக்கம் லெமூர் பீச்ல டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைகள அலை கொண்டு போச்சுல்லா. காத்து இல்ல, மழை இல்ல, வெயில் நல்லா அடிச்சுக்கிட்டு இருந்துது. கள்ளக்கடல்னு சொல்லுதாவ, எங்கயோ தெற்க ரொம்பத் தொலவுல அடிச்ச புயலோட அலை நடந்து நடந்து இங்க வந்து கரையில ஏறுமாம். பாக்க அமைதியா இருக்கேன்னு எதையும் நம்பக்கூடாது.

உன் கூட வேலை பாக்கவுக யாரும் வந்தாலும் கூட்டிட்டு வா, எனக்குச் சங்கடம் இல்ல. கன்னியாகுமரிக்கு எல்லாரும் போறாவ, அங்க போய் தள்ளுமுள்ளுல நின்னு சூரியன பாக்கதுக்கு நம்ம சுயம்புலிங்கசாமி கோயில் முன்ன மணல்ல உக்காந்தா அதே சூரியன்தான், கூட ரெண்டு நாயும் வலை பிரிக்க நாலு பேரும் இருப்பாவ, அவ்வளவுதான் கூட்டம். விசாகத்துக்கும் செவ்வாக்கிழமைக்கும் மட்டும்தான் ஊரு நெறையும். பஸ்ஸுல பெரியதாழை வழியா மணப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இப்ப அது தூத்துக்குடி மாவட்டம், 1986ல பிரிச்சுட்டாவ, ஆனா நமக்கு எல்லாம் ஒரே கரைதான். 1542ல சவேரியார் வந்து தங்கி ஜெபம் பண்ணுன குகை, மேட்டு மேல 1581ல கட்டுன சிலுவைக் கோயில், மேல நின்னா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், நடுவுல நாக்கு மாதிரி மணல். இப்ப பலகை மேல ஏறி நின்னு அலையில விளையாட வெளியூர்ப் பிள்ளைக வருதாம். நீ பாத்துட்டு வா, ஏறாத.

இடையன்குடிக்குக் கண்டிப்பா போ. நீ ஒம்பதாம் வகுப்புல கால்டுவெல் பத்திப் பேசி பரிசு வாங்குன, அந்த டம்ளர்லதான் நான் இன்னும் காப்பி குடிக்கேன். அவரு 1841ல இந்தத் தேரிக்காட்டுக்கு வந்தவரு, அரை நூற்றாண்டு இங்கனதான் இருந்தாரு, கொடைக்கானல்ல செத்தும் இங்க கொண்டாந்துதான் அடக்கம் பண்ணுனாவ. இங்க என்ன இருக்குன்னு அந்த மனுசர் கேக்கல பாரு. அவரு வீட்டம்மா எலைசா இங்க உள்ள பொம்பளைப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாவ. கஞ்சிக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைக கூட நூலும் ஊசியும் வச்சு சொந்தமா நாலு காசு பாத்துதாம். கையில ஒரு தொழில் இருந்தா ஒரு பொம்பளை யார்கிட்டயும் எதுக்கும் பொறுத்துப் போகணும்னு இல்ல. நான் எதையும் மனசுல வச்சு சொல்லல, எழுதும்போது வந்துச்சு, எழுதிட்டேன்.

நம்ம குடும்பத்துல மொத இன்ஜினியர் நீ. அது எனக்குப் பெருமைதான். ஆனா அண்ணன் மகள் சடங்குக்கு நீ வராம போனது தப்பு, அவ மூணு தடவை "அத்தை வரலையா"ன்னு கேட்டா, நான் லீவு கிடைக்கலன்னு சொன்னேன், மதினி ஒண்ணும் பேசல. ஒரு நாள் வந்துட்டுப் போயிருக்கலாம். சரி விடு.

குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில கல்லு போட்டதுல இருந்து நம்ம பனை விளைக்கு விலை கேட்டு புரோக்கர்மார் வந்துக்கிட்டே இருக்காவ. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்க விட்டா இலங்கையச் சுத்திப் போகணுமாம், இங்கன இருந்துன்னா நேரா தெற்க விடலாமாம், அதான் இந்த மவுசு. கொடுக்க மாட்டேன்னுட்டேன். அப்பா ஏறுன பனை நிக்கு அதுல.

உன் வாட்ஸப் டிபி மாத்தியிருக்க. முன்ன நீயும் மாப்பிள்ளையும் ஊட்டியில நின்னது இருந்துது. இப்ப வெறும் கடல். கண்ணாடி போட்டு பெருசாக்கிப் பாத்தேன், அது நம்ம கடல், கப்பல் மாதா கோயில் பக்கம் நின்னு எடுத்தது, ஓரத்துல அப்பா தோள் துண்டு கொஞ்சூண்டு தெரியுது. நல்லா இருக்குன்னு சொல்லத்தான் எழுதுதேன். மாப்பிள்ளை சொவமான்னு நான் கேக்கல. நீயா சொன்னா கேட்டுக்கிடுவேன்.

பாப்பா, இத எழுதவா வேண்டாமான்னு ரெண்டு நாளா அழிச்சு அழிச்சு அடிக்கேன்.

கல்யாணம் முடிஞ்ச மறு வருசம் விசாகத்துக்கு மொத நாள் நீ ரெண்டு பெட்டியோட வந்த. தெருவெல்லாம் மாட்டு வண்டியும் வேனும், கடற்கரையெல்லாம் சனம் பாய் விரிச்சு கிடந்துது, அந்தக் கூட்டத்துல நீ வந்தது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் திண்ணையில நின்னு "விசாகத்துக்கா ரெண்டு பெட்டி"ன்னு கேட்டாவ. அந்த ஒரு கேள்விதான். என் வயிறு கலங்கிப் போச்சு. ராத்திரி நீ என் பக்கத்துல படுத்துக்கிட்டு "அம்மா, கொஞ்ச நாள் நான் இங்கயே இருக்கட்டுமா"ன்னு கேட்ட. என்னன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா நீ சொல்லிருவியே, சொல்லிட்டா அப்புறம் நான் என்ன செய்வேன்னு பயந்தேன். "எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்"னு சொல்லி திரும்பிப் படுத்துக்கிட்டேன். நீ அழுதது எனக்குக் கேட்டுது. தூங்கின மாதிரி கிடந்தேன்.

அப்பா சொன்னாவ, "பிள்ளை இருக்கட்டும், அவளுக்கு இங்க சோறு இல்லையா"ன்னு. நான்தான் சண்டை போட்டேன். ஊரு என்ன சொல்லும், அண்ணனுக்குப் பொண்ணு பாக்கணும்னு என்னென்னமோ சொன்னேன். மூணாம் நாள் காலைல திசையன்விளை பஸ் ஸ்டாண்டுல உன்ன ஏத்திவிட்டேன். பையில கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, முருங்கைக்காய் எல்லாம் கட்டி மடியில வச்சேன். பஸ் நகரும்போது நீ ஜன்னல் வழியா என்னைப் பாக்கல. முன்னால பாத்துக்கிட்டே போயிட்ட. அன்னைக்குச் சாயந்தரம் நான் கடல்ல இருந்து ஓலைப்பெட்டியில 11 பெட்டி மண்ணு சுமந்து கோயில்ல கொட்டுனேன், என் பிள்ளை நல்லா இருக்கணும்னு. சாமிகிட்ட சொன்னத உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அப்பா ஒரு வாரம் என் கையால சாப்பாடு வாங்கி சாப்பிடல. மறு வருசம் இருந்த காசையெல்லாம் போட்டு மேல ரூம் கட்டுனாவ. எதுக்கு இப்ப ரூமுன்னு கேட்டேன். "யாராவது வந்தா தங்கட்டும்"னாவ. அதோட எங்களுக்குள்ள அந்தப் பேச்சே கிடையாது. யாராவதுன்னா யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ அடுத்து வந்தது அவுக காரியத்துக்குத்தான், அப்பவும் கீழ பெஞ்சுலதான் படுத்த, மேல ஏறிப் பாக்கவே இல்ல. நானும் மேல போய்ப் படுன்னு சொல்லல. பொறவு கரண்டு எடுக்க காத்தாடி வேலைக்கு வந்த ரெண்டு பையன்மாருக்கு அத வாடகைக்கு விட்டேன். அதுவும் என் தப்புதான், அது விடுறதுக்குக் கட்டுன ரூம் இல்ல.

நீ போன் வச்ச மறுநாளே அவங்ககிட்ட சொல்லிட்டேன். நல்ல பிள்ளைக, ஒரு வாரத்துல வேற இடம் பாத்துட்டாங்க, அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்துட்டேன். முந்தாநாள் வெள்ளை அடிச்சாச்சு. கட்டில அண்ணன் கொண்டாந்து போட்டுட்டான், அவன்ட்ட நான் ஒண்ணும் சொல்லல, அவனும் கேக்கல.

நீ எதுக்கு வாரன்னு யாருக்கும் சொல்லவேண்டாம், எனக்கும் சொல்லவேண்டாம். அத்தை கேட்டா நான் பதில் சொல்லுதேன், "என் மக அவ வீட்டுக்கு வந்திருக்கா"ன்னு. அத்தைக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, உன்னைத்தான் அடிக்கடி விசாரிக்காவ, நான்தான் அவுக மேல பழிய போட்டுக்கிட்டு இத்தனை வருசம் இருந்துட்டேன்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல வந்தா வள்ளியூர்ல இறங்கு, ராதாபுரம் வழியா திசையன்விளை பஸ் இருக்கு, பெட்டி நெறைய இருந்தா பஸ்ஸுல ஏறாத, அண்ணன் வேன் எடுத்துட்டு வருவான். தூங்கி ஸ்டேஷன விட்டுராத, அலாரம் வை. மேல் ரூம் சாவி அரிசிப் பானைக்குள்ள இருக்கு, நான் வீட்டுல இல்லைன்னாலும் எடுத்துக்கோ. மீன் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கிரும், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, அதுக்கு முன்னன்னா நல்ல ஊளி மீன் வாங்கலாம், இல்லைன்னாலும் வள்ளத்துக்காரங்க கொண்டாற சாளை இருக்கு, உனக்கு அதுதான பிடிக்கும்.

தலைக்கு எண்ணெய் வை. கடல்ல இறங்காத. இத வாசிச்சுட்டு ஒண்ணும் எழுதத் தோணலைன்னா எந்த ரயில்னு மட்டும் அனுப்பு.

அம்மா