ஒரு பல் கணக்கு: வண்டி மாற்றியமைக்கும் பட்டறைகளுக்குத் திறந்த மடல்

ஆஃப்ரோடு வண்டிகளை மாற்றியமைத்துத் தரும் பட்டறை நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதப் போவதில்லை. தெரிந்ததை வாடிக்கையாளரிடம் ஏன் சொல்வதில்லை என்பதுதான் என் கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல் ஏற்றத்தில் என் வண்டி நின்றுபோனது. பழைய டயரில் பலமுறை அலட்டாமல் ஏறிய அதே ஏற்றம். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஊர்வதற்கான கியர் அமைப்பு), முதல் கியர். முன்சக்கரம் கல்லில் முட்டி நிற்கிறது. கிளட்சை முழுக்க விட்டால் இன்ஜின் திணறி அணைந்துவிடுகிறது. பாதியில் பிடித்தால் ஏறுகிறது. அப்படியே மூன்று கல் ஏறினேன். நான்காவதில் அந்த வாடை வந்தது. கிளட்ச் கருகும் வாடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவது கல்லில் இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை, அடியிலிருந்து புகை. மேலே போய் நின்றிருந்த நண்பர், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சைப் போட்டு அங்குலம் அங்குலமாக இழுத்தார். எட்டு மாதத்தில் இது இரண்டாவது கிளட்ச் பிளேட்.

நடந்தது இதுதான். 235/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டுக் கொடுத்தார்கள். பழையதன் உயரம் சுமார் 29 அங்குலம். புதியது கிட்டத்தட்ட 14 சதவீதம் பெரிது. அச்சின் நடுவே இருந்து சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலில், பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கு 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 10 பல், அதாவது விகிதம் 4.10. இந்த எண் கூடினால் இழுவை கூடும், குறைந்தால் குறையும். பெரிய டயர் ஏறியதும் அந்த 4.10 ஏறக்குறைய 3.6 போல நடந்துகொள்ளும். முதல் கியரின் இழுவை அவ்வளவு குறையும். போதாததற்கு டயரின் எடையும் கூடியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 114-இல் ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டர் போதும்.

"பிக்கப் போய்விட்டது" என்று வந்து நின்றபோது பட்டறையில் யாரும் பல்லை எண்ணவில்லை. இன்ஜின் பலத்தைக் கூட்டும் ட்யூனிங் பாக்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார்கள். டீசல் அழுத்தத்தைப் பற்றி அது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு-விடம் பொய் சொல்லும். இசியு அதை நம்பிக் கூடுதலாக டீசலைத் தள்ளும். தார்ச்சாலையில் ஜோராகத்தான் இருந்தது. கல்லில் ஊரும்போது ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுழலும் வேகம், எங்கே இருக்கும்? இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ விழிக்காத இடத்தில். அங்கே பாக்ஸால் பெரிய உதவி இல்லை. ஆர்பிஎம்மை ஏற்றி ஹாஃப் கிளட்சில் தள்ளினால், அந்தக் கூடுதல் பலத்தையும் அதே பழைய பிளேட்தான் தாங்கியாக வேண்டும். முதல் கிளட்ச் போனபோது கிடைத்த பதில்: "ஓட்டுறதுலதான் சார் கோளாறு."

ஓட்டுவதில் கோளாறாகவே இருக்கட்டும். ஆனால் 10 பல் பினியன் இருந்த இடத்தில் 9 பல் பினியனும் அதற்கு ஜோடியான 41 பல் கிரவுனும் போட்டால் 4.56 வந்திருக்கும், வண்டி ஏறக்குறையப் பழைய இழுவைக்குத் திரும்பியிருக்கும் என்று டயர் மாற்றும் அன்றே ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. டயர் அளவைக் கூட்டும்போது, புதிய அளவுக்கு எந்த கிரவுன்-பினியன் விகிதம் வேண்டும் என்பதை எஸ்டிமேட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். செய்வதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

நானே கணக்குப் போட்டுக்கொண்டு போய்க் கேட்டபோது, "பின்பக்கம் மட்டும் இப்ப மாத்திக்கலாம், முன்பக்கம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். முன்னால் 4.10, பின்னால் 4.56. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துக் கெட்டித் தரையில் ஓட்டினால், முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரண்டுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். பின்பக்கம் மட்டும் மாற்றலாம் என்றவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அல்ல. ஸ்டெப்னியில் இன்னமும் பழைய 29 அங்குல டயர்தான் தொங்குகிறது என்பதையும் அங்கே யாரும் கவனிக்கவில்லை.

கிரவுன்-பினியன் செட் செய்வது லேசான வேலையில்லை, அது எனக்கும் தெரியும். ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து இடைவெளி பார்க்க வேண்டும், பல்லில் வண்ணம் தடவிப் பதிவு பார்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஊளைச் சத்தத்தோடு வண்டி திரும்பி வரும். அப்புறம், பினியனை யாரும் படம் எடுத்துப் போடுவதுமில்லை. டயருக்கும் லைட் பாருக்கும்தான் கைதட்டல். தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு விட, உயரத்தில் காற்றெடுக்கும் ஸ்நார்க்கல் குழாய் மாட்டிய வண்டிகளைப் பார்க்கிறேன்; அச்சின் காற்றுத் துளையான ஆக்சில் பிரீதர் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அச்சின் சூடான ஹவுசிங் (வெளிக்கூடு) தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், ஆயில் வெளுத்துப்போகும். இன்ஜின் மூச்சு விடும், அச்சு மூழ்கிச் சாகும். பார்க்க கம்பீரமாக இருந்தால் போதும் போல.

சரி, அந்தக் கதை இன்னொரு நாள். நல்ல கைகள் உங்களிடம் இருக்கின்றன, அதனால்தான் கோபித்துக்கொண்டும் உங்களுக்கே எழுதுகிறேன். அடுத்த வாரம் புது கிளட்ச் பிளேட்டுக்காக உங்களில் ஒருவரிடம்தான் வரப்போகிறேன். கிளட்சில் கை வைப்பதற்கு முன்னால் டிஃபரென்ஷியல் பல்லை எண்ணிப் பார்த்து, அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஸ்டெப்னியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வின்ச்சில் ஏறி வந்த ஒரு வண்டிக்காரன்