மழையில் தடாலென்று இறங்குவதுதான் சரி

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் போதும், 'விமானம் தடாலென இறங்கியதால் பயணிகள் அலறல்', 'தரையிறங்க முடியாமல் வானில் வட்டமடித்த விமானம்' என்ற மாதிரி தலைப்புகள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. உங்கள் பத்திரிகையை மட்டும் சொல்லவில்லை, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் இந்த இரண்டிலுமே பைலட் பெரும்பாலும் செய்ய வேண்டியதைத்தான் செய்திருப்பார், அதை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை.

ஈரமான ஓடுதளத்தில் பூ மாதிரி இறக்கினால் பயணிகள் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். டயருக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிய தண்ணீர் வெளியேற நேரமில்லாவிட்டால் சக்கரம் தரையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், பிரேக் போட்டும் பயனில்லை. இதை ஹைட்ரோபிளேனிங் என்பார்கள். டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், எத்தனை நாட் வேகத்தில் இந்த வழுக்கல் தொடங்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 200 பிஎஸ்ஐ டயருக்கு 127 நாட், அதாவது மணிக்கு சுமார் 235 கி.மீ. பெரிய ஜெட் விமானங்கள் தரையைத் தொடும் வேகமே கிட்டத்தட்ட அதுதான்! இன்னும் சுழல ஆரம்பிக்காத சக்கரம் என்றால் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே வழுக்கும். அதனால்தான் கொஞ்சம் அழுத்தி இறக்கி, தண்ணீரை விலக்கி, சக்கரத்தைச் சட்டென்று சுழல வைக்கிறார்கள். சக்கரம் தரையில் பதிந்தது தெரிந்ததும் இறக்கையின் மேல் இருக்கும் ஸ்பாய்லர் பலகைகள் எழும்பி, விமானத்தைத் தூக்கும் விசையைக் குறைத்து அதன் எடையைச் சக்கரங்கள் மேல் இறக்குகின்றன. எடை இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். 1999இல் அமெரிக்காவின் லிட்டில் ராக்கில் மழையில் இறங்கிய விமானத்தில் இந்தப் பலகைகள் எழும்பவே இல்லை, ஓடுதளத்தைத் தாண்டிப் போய் 11 பேர் இறந்தார்கள்.

மெத்தென்று இறக்குகிறேன் என்று தரைக்கு மேல் மிதந்துகொண்டே போனால் இன்னொரு நஷ்டம், விநாடிக்கு 70 மீட்டர் போல ஓடுதளம் வீணாகிறது. கோழிக்கோடு விபத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 ஆகஸ்ட் 7, மழை, பின்பக்கமிருந்து காற்று. 8,858 அடி ஓடுதளத்தில் சுமார் பாதி தூரம் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள் என்று சொல்லியும் இறக்கியிருக்கிறார்கள் என்று விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. இறந்தவர்கள் 21 பேர். அன்று அவர்கள் மறுபடி மேலே ஏறியிருந்தால், அதையும் 'வானில் வட்டமடித்த விமானம், பயணிகள் பீதி' என்றுதானே போட்டிருப்போம்?

சரி, பைலட்டை விடுங்கள். நிருபர்கள் விமான நிலையத்தைக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் டயர் ரப்பர் கொஞ்சம் தரையில் ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தண்ணீர் பட்டால் பயங்கர வழுக்கல். அதைக் கடைசியாக எப்போது சுரண்டி எடுத்தார்கள்? தண்ணீர் வடிய ஓடுதளத்தின் குறுக்கே வெட்டும் பள்ளங்கள் இருக்கின்றனவா? பிரேசிலின் காங்கோன்யாஸ் விமான நிலையத்தில் 2007இல் புதிதாகப் போட்ட ஓடுதளத்தில் அந்தப் பள்ளங்களை வெட்டுவதற்கு முன்பே விமானங்களை விட்டிருந்தார்கள். அங்கே நடந்த விபத்தில் 199 பேர் போனார்கள். அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மைதான், இருந்தாலும் மழை நாளில் அப்படி ஓர் ஓடுதளமா?

2021 நவம்பரிலிருந்து ஓடுதளத்தின் நிலையை 0 முதல் 6 வரை எண்ணாகச் சொல்லும் முறை உலகளவில் அமலில் இருக்கிறது, 6 என்றால் காய்ந்த தரை, 0 என்றால் பிரேக்கே பிடிக்காது. அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், பக்கத்து இருக்கைக்காரர் எப்படி அலறினார் என்று கேட்பதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் பைலட்டுக்கு எந்த எண் சொல்லப்பட்டது என்று விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்