பழகிவிடும் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள கலா,

கல்யாணப் படங்கள் வந்தன. உன்னைத் தேடியே கண்டுபிடித்தேன். வழக்கம்போலப் பந்தியில்தான் இருக்கிறாய்! வசந்தி பாட்டியானதில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். கலிபோர்னியாவுக்கு வந்தும் விடவில்லை, இந்த ஃப்ரெஸ்னோ வெயில்தான் கொளுத்துகிறது.

இங்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள் மனசு வாடுவதைப் பற்றி நான் எழுதியதற்கு, "முதல் கொஞ்ச நாள்தான்டி கஷ்டம், அப்புறம் பழகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அப்படி இல்லை கலா. அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

போன வாரம் மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்து அம்மா ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். இந்த ஊருக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நெஞ்சை அடைக்கிறது என்றார். இசிஜி, பிரஷர் எல்லாம் சரி. டாக்டருக்கு ஸ்பானிஷ் தெரியாது. 11 வயது மகள்தான் எடுத்துச் சொன்னாள். "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டதும் அந்த அம்மா மகள் முகத்தைப் பார்த்தார். "வருகிறதாம்" என்றாள் குழந்தை.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நானே ஸ்பானிஷில் கேட்டேன். மாதக்கணக்காகத் தூக்கமே இல்லை. ஊரில் தாயார் இறந்தபோது போக முடியவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்திருக்கிறார். இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் கையில் கிடையாது, போனால் திரும்பி வர வழியில்லை. இதை அந்தக் குழந்தை வாயால் எப்படிச் சொல்ல வைப்பார்? பேசும்போதெல்லாம் விரலில் திராட்சைக் குலை அறுக்கும் கத்தி பட்ட தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரு காலத்தில் சீசனுக்கு வந்து சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் இந்த மெக்சிகோக்காரர்கள். 1942 முதல் 1964 வரை பிராசெரோ என்ற கூலியாள் ஒப்பந்தம் போட்டு அமெரிக்க அரசாங்கமே ஆள் அழைத்தது. 1990-களில் எல்லைக் காவல் இறுகியதும், போனால் நுழைய முடியாது என்று இங்கேயே தங்கிப்போனவர்கள் ஏராளம்.

வில்லியம் வேகா என்ற ஆய்வாளரின் குழுவினர் இதே ஃப்ரெஸ்னோ கவுன்ட்டியில் மெக்சிகோ வம்சத்தவர் சுமார் 3,000 பேரிடம் நடத்திய ஆய்வு 1998-ல் வெளியானது. போதைப் பழக்கத்தையும் சேர்த்து, வாழ்நாளில் ஏதோவொரு மனநலக் கோளாறு வந்தவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களில் சுமார் 25 சதவீதம். அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் 48! வந்தவர்களிலும் இங்கே 13 வருஷத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம். நீ சொல்கிறபடி பார்த்தால் குறைந்திருக்க வேண்டும்.

வறுமை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. அங்கே சித்தி, ஞானத்தாய், பக்கத்து வீடு என்று விசாரிக்க ஆள் இருந்தது. இங்கே வருஷம் ஏற ஏற அது விட்டுப்போகிறது. பிள்ளைகளுக்கோ இதுதான் சொந்த ஊர். ஆனாலும் வெளியாளாகத்தான் பார்க்கிறார்கள். வாடகைக் கடிதம், வக்கீல் கடிதம் எல்லாம் அந்த 11 வயதுக் குழந்தைதான் படித்துச் சொல்கிறதாம். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஒரு நல்ல சேதி. இவர்கள் மத்தியிலிருந்தே வீடு வீடாகப் போய் உதவும் 'பிரொமோத்தோரா' பெண்கள் உண்டு. அவர்களில் ஒருவர் நேற்று அந்த அம்மாவைச் சர்ச் கூடத்தில் பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அடுத்த வாரமும் வருகிறேன் என்றாராம்.

இனிப் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது, போனிலாவது ஆள் வைக்க வேண்டும் என்று வரும் மீட்டிங்கில் கேட்கப்போகிறேன். செலவு என்று இழுப்பார்கள். மெஸ் விஷயத்தில் வார்டனை மடக்கினாயே, அந்த மாதிரி எப்படிப் பேசலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

உன்,
மீனா