குப்புறப் போட்டுத் தைத்த கோலம்

விக்கிரமசிங்கபுரம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புத் தோழிக்கு,

உன் பார்சல் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. வந்த அன்று வாட்ஸப்பில் ஒரு கும்பிடு போட்டதோடு சரி, அதற்கப்புறம் சத்தமே இல்லை என்று நீ திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. ஆனால் இந்த இருபது நாளும் நீ அனுப்பிய அந்தத் தடித்த நூல் உருண்டைகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அதை எழுதாமல் "நலம், நலமறிய ஆவல்" என்று நாலு வரி போட்டு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

முதலில் ஒன்று. மில் ஊர்க்காரிக்கே நூல் அனுப்புகிறாயே, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி இங்கே மில் போட்டதில் இருந்து இந்த ஊரில் பஞ்சும் நூலும்தான் சோறு. என் மாமனார் அந்த மில்லிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உன் வெள்ளை உருண்டையைக் கையில் வாங்கி, நுனியை விரலில் உருட்டிப் பார்த்து, "முறுக்கு நல்லா இருக்கு"ன்னு சொல்லிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் அந்த வார்த்தை வாங்குவது லேசில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இதை ஊசியில் கோக்காதே, பாபினில் சுற்று, துணியைக் குப்புறப் போட்டுத் தை"ன்னு மூன்றே வரி எழுதி வைத்திருந்தாய். நமக்கு லோயர், ஹையர் தையல் பரீட்சைகளுக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் இப்படி ஒன்றைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. உனக்கு இருக்கிறதா? இருபத்தைந்து வருஷமாக மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், பாபின் என்றால் அடி நூலைச் சுற்றிக்கொண்டு கீழே கிடக்கிற வேலைக்காரன் என்றே நினைத்திருந்தேன், மேல் நூல்தான் அழகு, அடி நூல் பிடிமானத்துக்கு மட்டும் என்று.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. மேல் நூல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு தையலுக்கும் அது கீழே நீளமாக இறங்கி, பாபினை முழுசாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி மேலே இழுபட்டு வரவேண்டும். நூலின் ஒரே இடம் ஊசிக் கண்ணுக்குள் எத்தனையோ தடவை போய்வந்து தேய்ந்த பிறகுதான் துணியில் போய் உட்காருகிறது. ஜரிகையை ஊசியில் கோத்தால் நாலு தையலில் பிரிந்து பஞ்சாகப் போவது அதனால்தான், நானும் எத்தனை தடவை நூல் கடைக்காரரைத் திட்டியிருப்பேன்! அடி நூலுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. பாபினைப் போட்டு வைக்கிற பெட்டியில் இருந்து மெதுவாக வெளியே வரும், துணிக்கு அடியில் படுக்கும், மேல் நூல் வந்து அதை அங்கங்கே ஒரு முடிச்சுப் பிடி பிடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதனால் ஊசிக் கண்ணில் நுழையவே நுழையாத தடித்த நூல், ஜரிகை, மெல்லிய ரிப்பன்கூட அங்கே சௌகரியமாக இருக்கும். ஒரே வில்லங்கம், அது படுப்பது துணியின் அடிப்பக்கம். ஆகவே நல்ல பக்கத்தைக் கீழே போட்டுத் தைக்கவேண்டும்.

முதல் நாளே ஒரு அசட்டுத்தனம். பாபின் பெட்டியில் அந்த வளைந்த தகட்டைப் பிடித்துக்கொண்டு ரெண்டு திருகு இருக்குமே, பெரியதுதான் இறுக்கத்துக்கு. தடித்த நூலுக்கு அதை இடது பக்கம் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தவேண்டும். நான் ஆர்வத்தில் ஒரேயடியாகச் சுற்றிவிட்டேன். டிங் என்று ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை, திருகைக் காணோம். எள்ளு மாதிரி சாமான் அது. தரையைப் பெருக்கி, குப்பையைச் சலித்து, கடைசியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் கட்டி இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். கட்டில் காலடியில் கிடைத்தது. அன்றில் இருந்து திருகைத் தொடுவதென்றால் மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டுதான்.

அதைவிட முக்கியம், பழைய பெட்டியைத் தொடாதே. அம்பாசமுத்திரத்தில் போய் இன்னொரு பெட்டி வாங்கிவந்து, அதன் முதுகில் மகளுடைய நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டேன். பொட்டு வைத்தது தடித்த நூலுக்கு, வைக்காதது சாதா தையலுக்கு. இல்லாவிட்டால் மறுநாள் காலையில் ஜாக்கெட் தைக்க உட்காரும்போது அடித் தையல் எல்லாம் வளையம் வளையமாகத் தொங்கும், அவசரத்துக்கு வந்த வாடிக்கையாளர் எதிரே நின்றுகொண்டு முறைப்பார்.

எவ்வளவு தளர்த்துவது என்று நீ எழுதவில்லை. நான் கண்டுபிடித்தது இது. சாதா நூல் என்றால் பெட்டியை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும், அது நமக்குத் தெரிந்ததுதான். இந்த நூலுக்கு, கையில் பெட்டியை வைத்துக்கொண்டு நூலை இழுத்தால், சாதா நூல் வருகிற அதே இழுவையில் வரவேண்டும். விரலுக்குத் தெரியும். இறுக்கமாக இருந்தால் துணி சுருங்கும், ரொம்ப லூசாக இருந்தால் நல்ல பக்கத்தில் நூல் எழும்பி எழும்பி நிற்கும். அப்படி எழும்புவதையே அழகு என்று வைத்துத் தைப்பவர்களும் இருக்கிறார்களாம், பூவுக்கு நன்றாக இருக்கும்போல. எனக்குக் கோடு படிந்து கிடக்கவேண்டும்.

அப்புறம் அந்தத் தோரணக் கதை. சிரிக்காதே. நிலைவாசலுக்கு "நல்வரவு" என்று தைக்கலாமென்று ஆசை. துணியின் பின்பக்கம், விறைப்புக்கு ஒட்டுகிற பேப்பர் கேன்வாஸை ஒட்டி, அதில் பென்சிலால் அழகாக எழுதி, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டினேன். பின்பக்கம் பார்க்க என்ன சுத்தம் தெரியுமா! ல் மேல் புள்ளிகூட உருண்டையாக வந்தது. திருப்பினேன். எல்லா எழுத்தும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வு-வில் தொடங்கி ந-வில் முடிகிறது. வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி, ஒன்றும் பேசாமல் பீரோ கண்ணாடி முன்னால் கொண்டுபோய்ப் பிடித்து, "இப்ப சரியா இருக்கு, எல்லாரையும் இங்கிருந்து வரவேற்போம்" என்றார். நான் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. எழுத்து தைக்கவேண்டுமென்றால் ட்ரேசிங் பேப்பரில் எழுதி, பேப்பரைத் திருப்பிப் போட்டு, கார்பன் வைத்துக் கேன்வாஸில் இறக்கவேண்டும், வேறு வழியில்லை.

அந்தக் கோபத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கோலம் ஞாபகம் வந்தது. மார்கழி ஆயிற்றே, விடிகாலையில் வாசலில் குனிந்து சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறேன், கம்பி புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. அட, இதுதானே வேண்டும்! எங்கேயும் நூலை அறுக்க வேண்டாம். இடம் வலம் மாறினாலும் கோலம் கோலம்தான், எவளும் வந்து "உன் கம்பி எதிர்ப்பக்கம் சுற்றுகிறது" என்று கேட்கப்போவதில்லை.

காவி நிறத்தில் காடாத்துணி ஒரு மீட்டர் எடுத்தேன். முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன், சாயம் இறங்கி வெள்ளை நூலைக் கெடுத்தால் அழுதுவிடுவேன். பின்பக்கம் கேன்வாஸில் புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை இன்ச் விட்டுக் கோலத்தை வரைந்தேன். நெருக்கமாக வைத்தால் வளைவில் துணியைத் திருப்ப முடியாது. நூல் எவ்வளவு வேண்டுமென்று பார்க்க, வரைந்த கம்பியின் மேலேயே நூலை வைத்து அளந்து, அதற்கு மேல் ரெண்டு முழம் சேர்த்துப் பாபினில் சுற்றினேன். இதைச் செய்யாமல் விட்டால் முக்கால் கோலத்தில் நூல் தீர்ந்து நிற்கும். தடித்த நூல் பாபினில் கொஞ்சம்தான் கொள்ளும். சுற்றும்போது மிஷின் வேகத்தில் விடாமல், நூலை ரெண்டு விரலுக்கு நடுவே லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றவேண்டும், மேடு பள்ளம் வந்தால் தைக்கும்போது திக்கும்.

மேலே முதலில் காவி நூல்தான் போட்டேன், துணியோடு கலந்துவிடும் என்று. திருப்பிப் பார்த்தால் வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாகச் செவ்வெறும்பு ஊருகிற மாதிரி ஒவ்வொரு தையலிலும் ஒரு புள்ளி. பிரித்துவிட்டு மேலேயும் வெள்ளை போட்டேன். 16 நம்பர் ஊசி, இன்ச்சுக்கு ஏழு எட்டு தையல், மேல் நூலின் இறுக்கம் வழக்கத்தைவிட ஒரு பொட்டு கூட. மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டேன், நம் பழைய பெல்ட்டும் காலும்தான் இதற்குத் தோது. தொடங்கும்போது சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, தடித்த நூலின் நுனியை மேலே இழுத்து எடுத்து, ரெண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ரிவர்ஸ் தையல் கூடாது, கட்டி தட்டும். முடிந்ததும் நுனிகளைப் பெரிய கண் ஊசியால் பின்பக்கம் வாங்கி, கையால் முடிச்சு.

கம்பி கம்பியைத் தாண்டுகிற இடம்தான் உயிரை வாங்குகிறது. அங்கே அடியில் ஏற்கெனவே ஒரு தடி நூல் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஊசி அதன் நடுவே குத்திவிட்டால் முறுக்கு பிரிந்து மயிர் பிடித்துவிடும். அதனால் தாண்டுகிற இடம் வந்ததும் பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி, ஊசி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இறங்கும்படி பார்த்துக்கொண்டேன். வளைவில் ஊசி துணிக்குள் இருக்கும்போதே துணியை அழுத்துகிற மிஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, ரெண்டு தையல், மறுபடி திருப்பு. ஒரு கோலத்துக்கு முழுசாக ஒரு மத்தியானம் போனது. நடுவில் திருப்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் இழுபட்டு வளைவு கோணும். கையை மட்டும் அடியில் விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டேன், கோடு புடைத்துக்கொண்டு விரலில் தட்டுகிறது, அது ஒன்றுதான் தைரியம்.

திருப்பினபோது, என்ன சொல்வேன் உனக்கு, கரைத்த பச்சரிசி மாவில் ஒரு துணியைத் தோய்த்துத் தரையில் விரலால் இழுத்தால் காய்ந்தபின் லேசாகப் புடைத்து நிற்குமே மாக்கோலம், அச்சு அசலாக அது. ஒரே ஒரு வளைவு சப்பட்டையாகிவிட்டது. மாமனார் அதைத்தான் முதலில் தொட்டுக் காட்டினார்.

கொக்கி ஊசியால் போடுகிற ஆரி வேலைக்கு இது போட்டியா என்று நீ கேட்பாய். கிடையாது. ஆரியிலும் நூல் அடியில்தான் இருக்கிறது, ஆனால் கொக்கி அதை மேலே இழுத்துச் சங்கிலி போடும், நாம் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம், மணி கோக்கலாம், கல் வைக்கலாம். இங்கே தெருவுக்கு ஒரு ஆரி வகுப்பு, கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், எனக்கும் ஆசைதான், ஆனால் என் கழுத்து எலும்பு ஒத்துக்கொள்ளாது. இது கோட்டு வேலை. தலையணை உறை, பூஜை விரிப்பு, ஜாக்கெட் கைக்கு ஒரு கரை, அவ்வளவுக்குப் போதும். பக்கத்து வீட்டு மதினி பார்த்துவிட்டு நாலு கேட்டிருக்கிறார், என்ன விலை சொல்வதென்றே தெரியாமல் முழிக்கிறேன். உன் ஊரில் எவ்வளவு சொல்வார்கள்?

ஒன்று எழுத மறந்தேனே. இந்த நூல் பஞ்சு உதிர்க்கிறது. வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றி அடியில் பிரஷ் போட்டுத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடு. நான் துடைக்காமல் விட்டதில் மறுநாள் ஒரு பாவாடை முழுக்கக் கறுப்புக் கறை.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாகப் போகிறது, பாபநாசம் கோயில் படித்துறையில் கூட்டம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவள் பிடி கொடுக்கவில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? பெடல் மிதிக்காதே என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைக் கேட்கிறாயா இல்லையா? அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன் அம்மாவின் கோல நோட்டு ஒன்று இருக்குமே, நீல அட்டை போட்டது, அதில் நடுப்பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரே கம்பியில் முடிகிற கோலம் ஒன்று இருக்கிறது. அதைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பு. புள்ளி எண்ணிக்கையையும் எழுதிவிடு, எனக்கு எண்ணிப் பார்க்கக் கண் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு சப்பட்டை வளைவு உள்ள அந்த முதல் துண்டையும், பொட்டு வைத்த பாபின் பெட்டி ஒன்றையும் அனுப்புகிறேன். உன் மிஷினும் என்னுடையதும் ஒரே ஜாதிதானே, பொருந்தும். உன் நூலுக்கே தளர்த்தி வைத்திருக்கிறேன். திருகைத் தொடாதே, தொட்டால் மடியில் துண்டு விரித்துக்கொள்.

உன்
பழைய பெஞ்சுக்காரி